இல்லாத பொருளுக்கு எதைச் சேர்ப்பது?
நோயாளிக்காக வீட்டில் பிஸ்கட் செய்யும் குடும்பத்தினர் அறிய வேண்டியவை



மாலைப் பார்வை நேரத்தில் எங்கள் நோயாளர் பிரிவுகளுக்கு வரும் உணவுப் பாத்திரங்களில், வீட்டிலே செய்த பிஸ்கட்டுகளை இப்பொழுது அடிக்கடி காண்கிறோம். கடையில் வாங்குவதைவிட வீட்டில் செய்து கொடுத்தால் நல்லது என்னும் எண்ணமே அதற்குக் காரணம். அந்த எண்ணத்தை நாங்கள் வரவேற்கிறோம். ஆயினும், பாத்திரத்தைத் திறக்கும்போது இரண்டு வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். சர்க்கரை நோயாளியின் வீட்டார், “சீனியே சேர்க்கவில்லை, கருப்பட்டிதான்” என்கிறார்கள். தீக்காயம் பட்டவரின் வீட்டார், “முட்டை சேர்க்கவில்லை, புண் ஆற வேண்டுமே” என்கிறார்கள்.

இரண்டும் அன்பினால் செய்யப்பட்ட மாற்றங்கள். ஆனால் இரண்டும் நோயாளிக்கு உதவாதவை. இரண்டாவது மாற்றம் புண் ஆறுவதையே தாமதப்படுத்தக்கூடியது. எனவே, பிஸ்கட் செய்யும்போது ஒரு பொருள் இல்லாவிட்டாலோ, வேண்டாம் என்று விலக்கினாலோ, அதன் இடத்தில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை உண்டு

மாற்றுப் பொருளைத் தேடுவதற்கு முன், இல்லாத பொருள் அந்தப் பண்டத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். நம் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தில் வெல்லத்தின் வேலை இனிப்பூட்டுவது மட்டுமன்று. பாகாகக் காய்ந்து கடலைப் பருப்புகளை ஒன்றோடொன்று பிணைப்பதும் அதுவே. வெல்லத்தை நீக்கி, இனிப்பு மாத்திரையைப் பொடித்துப் போட்டால் இனிப்பு வரும், மிட்டாய் வராது.

வேலை அறிந்து செய்த மாற்றத்திற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. ஐரோப்பாவில் மக்ரூன் என்னும் பண்டத்தைப் பாதாம் பருப்பும் முட்டையின் வெண்கருவும் சீனியும் கொண்டு செய்கிறார்கள். தூத்துக்குடியில் பாதாமின் இடத்தை முந்திரி பிடித்தது. இரண்டும் கொழுப்பும் புரதமும் நிறைந்த பருப்புகள். ஒன்று செய்யும் வேலையை மற்றொன்றும் செய்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் ஆன்சாக் பிஸ்கட்டில் முட்டையே இல்லை. ஓட்ஸையும் தேங்காய்த் துருவலையும் அதில் ஒருவகைச் சர்க்கரைப் பாகு பிணைத்து நிறுத்துகிறது.

பிஸ்கட்டில் மாவு உடலைத் தருகிறது. வெண்ணெய் மாவை இறுகவிடாமல் நொறுங்கும் தன்மையைத் தருகிறது. சீனி இனிப்போடு பொன்னிறத்தையும் மொறுமொறுப்பையும் தருகிறது. முட்டை பிணைக்கிறது. சமையல் சோடாவோ பேக்கிங் பவுடரோ உப்பச் செய்கிறது. ஆரோக்கியமானவர் வீட்டில் இவ்வளவு தெரிந்தால் போதும். நோயாளி உள்ள வீட்டில் இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு: மாற்றாகச் சேர்க்கும் பொருள் அவர் உடலில் என்ன செய்யும்?

முட்டை: தீக்காயம் பட்டவருக்கு விலக்க வேண்டியது அன்று

முட்டை உண்டால் புண்ணில் சீழ் வைக்கும் என்னும் நம்பிக்கை நம் வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. சீழ் என்பது கிருமித் தொற்றினால் உண்டாவது, முட்டையினால் உண்டாவதன்று. தோலை இழந்த உடல், புதிய திசுவை உருவாக்கப் புரதத்தையே நாடுகிறது. உணவில் அது கிடைக்காதபோது தன் சொந்தத் தசையைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு நாள்தோறும் உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் அளவில் புரதம் போதுமானது. பெரிய தீக்காயம் பட்டவருக்கோ 1.5 முதல் 2 கிராம் வரை தேவைப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 90 முதல் 120 கிராம் ஆகும். வலியும் மருந்தும் பசியைக் கெடுத்திருக்கும் நேரத்தில் இதனை மூன்று வேளைச் சாப்பாட்டில் மட்டும் எட்டுவது கடினம். ஆகையால் இடையிடையே கொடுக்கும் சிறு பண்டத்திலும் புரதம் இருக்க வேண்டும். பத்தியம் என்பது விலக்குவது மட்டுமன்று, சேர்ப்பதும் பத்தியமே.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் குடும்பத்தினரும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் ஒரு முட்டைக்கு மாற்றாக மூன்று மேசைக்கரண்டி தயிரைச் சேர்க்கலாம். அல்லது, ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். இவை முட்டையின் பிணைக்கும் வேலையைச் செய்யும். ஆனால் புரதம் ஒன்றிரண்டு கிராம் அளவே கிடைக்கும். அந்தக் குறையை ஈடுசெய்ய, இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பொடியை மாவுடன் கலந்தால் மேலும் 5 கிராம் அளவு புரதம் சேரும்.

முட்டை கலந்த பச்சை மாவை நோயாளியோ குழந்தைகளோ சுவைத்துப் பார்க்கக் கூடாது. வேகாத முட்டையிலும் வேகாத மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். தீக்காயம் பட்டவர்களும் புற்றுநோய் மருந்து பெறுவோரும் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைந்தவர்கள்.

இனிப்பு: கருப்பட்டியும் சர்க்கரையே

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனங்கற்கண்டு, தேன் ஆகிய அனைத்திலும் பெரும்பகுதி சர்க்கரைச் சத்தே. கருப்பட்டியில் தாது உப்புகள் சிறிது உண்டு. ஆயினும் இரத்தச் சர்க்கரையை அது உயர்த்தாது என்பது உண்மையன்று. “சீனி இல்லையே” என்னும் நம்பிக்கையில் இரண்டுக்கு நான்காக உண்ணும்போது கேடு விளைகிறது. சர்க்கரை நோயாளிக்குச் செய்யும்போது பொருளை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே நல்லது. பெரும்பாலான பிஸ்கட்டுகளில் சீனியை நான்கில் ஒரு பங்கு குறைத்தாலும் பண்டம் கெடுவதில்லை. ஏலக்காய், சுக்கு, பட்டைத் தூள் ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தால் இனிப்புக் குறைவது தோன்றாது. செயற்கை இனிப்பூட்டிகளுள் அஸ்பார்டேம் அடுப்பின் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும். மாற்றாக எதனைச் சேர்ப்பதென்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்க.

சிறுநீரக நோயாளிகளுக்குச் சிக்கல் வேறுவிதமானது. வெல்லத்திலும் கருப்பட்டியிலும் பொட்டாசியம் மிகுதி. பொட்டாசியத்தைக் குறைக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தால், வெள்ளைச் சீனியைக் கருப்பட்டியாக மாற்றுவது அவருக்கு நன்மையன்று.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் வீட்டு அடுப்பின் சூட்டில் அழிவதில்லை. அவை சிசுவுக்குத் தசை தளர்ச்சியை உண்டாக்கும்.

மாவு: சிறுதானியம் எதை மாற்றும், எதை மாற்றாது

மைதா இல்லாதபோதோ வேண்டாமென்று நினைக்கும்போதோ கோதுமை மாவு, கேழ்வரகு மாவு, நம் மாவட்டக் கரிசல் காடுகளில் விளையும் குதிரைவாலி, கம்பு ஆகியவற்றின் மாவு என எதனையும் பயன்படுத்தலாம். ரொட்டிக்கு வேண்டிய அளவு பசைத்தன்மை பிஸ்கட்டுக்கு வேண்டியதில்லை. ஆகவே இங்கு மாற்றம் எளிது. முதன்முறை செய்வோர் பாதி மைதா, பாதி சிறுதானிய மாவு என்று தொடங்குவது நல்லது. முழுவதும் சிறுதானிய மாவாக இருந்தால் பிஸ்கட் உதிரும். அதற்கு முட்டையோ ஊறிய ஆளி விதையோ சேர்க்க வேண்டும்.

சிறுதானியத்தால் நார்ச்சத்து கூடுகிறது. ஆனால் அதிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தே என்பதைச் சர்க்கரை நோயாளிகள் மறத்தலாகாது.

சீலியாக் நோய் உள்ளவர்களுக்கோ இது சுவை பற்றிய கேள்வியன்று. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் அவர்கள் குடலைப் புண்ணாக்குகிறது. மைதாவும், நாம் உப்புமாவுக்குப் பயன்படுத்தும் ரவையும், சம்பா ரவையும் கோதுமையே. மால்ட் கலந்த பான மாவுகளிலும் கோதுமையோ பார்லியோ இருக்கும். காரப் பிஸ்கட்டில் சேர்க்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கேழ்வரகையோ அரிசியையோ கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் அரைத்தாலும் தீங்கு நேரும். எனவே அவர்களுக்கான மாவைத் தனியே அரைத்துத் தனியே வைக்க வேண்டும்.

வெண்ணெயும் நெய்யும் வனஸ்பதியும்

வெண்ணெயில் சுமார் 80 விழுக்காடு கொழுப்பு. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். நெய்யோ முழுவதும் கொழுப்பு. எனவே 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய்யும் ஒரு மேசைக்கரண்டி பாலும் போதும். நெய்யை 100 கிராமாகவே சேர்த்தால் பிஸ்கட் தட்டில் பரந்து எண்ணெய் கசியும். கடலெண்ணெய், நல்லெண்ணெய் முதலியவற்றைச் சேர்ப்பதாயினும் இதே அளவே. நல்லெண்ணெயின் மணம் காரப் பிஸ்கட்டுக்குப் பொருந்தும், இனிப்புக்குப் பொருந்தாது.

வனஸ்பதி மலிவானது, பிஸ்கட்டையும் மொறுமொறுப்பாக்கும். ஆனால் பகுதி ஹைட்ரஜனேற்றத்தால் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதய நாளங்களை அடைக்கும். 2022 சனவரி முதல் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2 விழுக்காட்டிற்கு மேல் இருத்தலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணய ஆணையம் வரம்பு விதித்துள்ளது. இதய நோயாளி உள்ள வீட்டில் உதிரியாக அளந்து விற்கும், பெயரிடப்படாத கொழுப்பை வாங்காதிருப்பதே நன்று.

சோடாவும் உப்பும்

சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. பேக்கிங் பவுடரில் சோடாவுடன் அமிலப் பொடியும் மாவும் கலந்திருக்கும். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடருக்கு மாற்றாகக் கால் தேக்கரண்டி சோடாவும் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் போதும். சோடா இல்லாதபோது அதன் அளவைப்போல் மூன்று மடங்கு பேக்கிங் பவுடர் சேர்க்கலாம். அளவு தெரியாமல் சோடாவைக் கூட்டினால் சவர்க்காரச் சுவை வரும்.

சுவையைவிட முக்கியமானது சோடியம். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் உண்டு. ஒருவர் ஒரு நாளில் கொள்ளத்தக்க சோடியம் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. “உப்பே போடவில்லை” என்று கொண்டுவரும் பிஸ்கட்டிலும் சோடாவின் வழியாகவும் உப்பு சேர்த்த வெண்ணெயின் வழியாகவும் சோடியம் வந்துவிடுகிறது. இரத்தக் கொதிப்பு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு உப்பில்லாத வெண்ணெயைப் பயன்படுத்துங்கள், சோடாவைக் குறையுங்கள். பிஸ்கட் சற்றுத் தட்டையாக இருந்தால் குறையொன்றுமில்லை.

கடைகளில் கிடைக்கும் ‘சோடியம் குறைந்த உப்பு’ வகைகளில் பொட்டாசியம் குளோரைடு கலந்துள்ளது. சிறுநீரக நோயாளிகளும் சிலவகை இரத்தக் கொதிப்பு மாத்திரை உட்கொள்வோரும் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தக் கூடாது.

நம் வட்டாரத்திற்கென ஓர் எச்சரிக்கை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் பல குடும்பங்களின் வாழ்வாதாரம். அதனால் பிற ஊர்க் கட்டுரைகளில் காணாத மூன்று செய்திகளை இங்குச் சொல்ல வேண்டியுள்ளது.

முதலாவது, வெண்ணிறப் பொடிகள். சமையல் சோடா, சீனிப் பொடி, மைதா, எலுமிச்சை உப்பு ஆகியவற்றைப் போலவே வெடியுப்பும் பேரியம் நைட்ரேட்டும் சலவை சோடாவும் காஸ்டிக் சோடாவும் வெண்மையாகவே இருக்கும். பேரியம் நைட்ரேட் உடலிற் சேர்ந்தால் இரத்தத்திலுள்ள பொட்டாசியம் விரைந்து குறையும்; தசைகள் செயலிழக்கும்; இதயத் துடிப்பு தடுமாறும். பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்ததையும் நினைவுகூர்வோம். காஸ்டிக் சோடா வாயையும் உணவுக் குழாயையும் வெந்து சுருங்கச் செய்யும். தொழிலுக்குரிய எந்தப் பொடியும் வீட்டுக்குள் வருதல் கூடாது. துப்புரவுப் பொடிகளைச் சமையலறையில் வைக்கக் கூடாது. ஹார்லிக்ஸ் பாட்டிலிலோ பழைய உணவு டப்பாவிலோ மாற்றி வைக்கவும் கூடாது. பெயர் எழுதாத டப்பாவில் உள்ள வெள்ளைப் பொடியை, “சோடாவாகத்தான் இருக்கும்” என்று நாவில் வைத்துப் பார்க்காதீர்கள். அதை உணவில் சேர்க்கவே வேண்டாம். சோடா இல்லாமலும் பிஸ்கட் வரும். தவறி யாரேனும் உட்கொண்டுவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாமல், அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், 108-ஐ அழையுங்கள்.

இரண்டாவது, வேலை உடை. ஆலையிலிருந்து திரும்பியவர் குளித்து, உடை மாற்றிய பின்னரே மாவில் கை வைக்க வேண்டும். மருந்துத் தூள் படிந்த உடையோடு அடுப்பருகே நிற்பதும் ஆபத்தே.

மூன்றாவது, தாள். தட்டில் விரிக்கப் பட்டர் பேப்பர் இல்லாதபோது, வீட்டில் கிடக்கும் நாட்காட்டித் தாளையோ அச்சகக் கழிவுத் தாளையோ செய்தித்தாளையோ விரிப்பவர்கள் உண்டு. அச்சு மையிலுள்ள இரசாயனங்கள் சூட்டிலும் எண்ணெயிலும் உணவில் இறங்கும். தாள் தீப்பற்றவும் கூடும். தட்டில் நெய் தடவி, மெல்லிதாக மாவு தூவினால் போதுமானது. சுட்ட பிஸ்கட்டுகளையும் அச்சிட்ட தாளில் சுற்றிக் கொண்டுவராதீர்கள். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவே சிறந்தது.

அடுப்புக்கும் மாற்று

ஓவன் இல்லாத வீடுகளில் பிரஷர் குக்கரில் உப்பையோ மணலையோ பரப்பிச் சுடும் வழக்கம் உள்ளது. நீரில்லாமல் குக்கரைக் காய்ச்ச வேண்டாம் என்று அதன் கையேடுகளே எச்சரிக்கின்றன. அடி கனத்த பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, தட்டை அதில் இருத்தி, சாதாரண மூடியால் மூடிச் சிறு தீயில் சுடுவது பாதுகாப்பானது. சூடேறிய உப்பு நெடுநேரம் சூடாகவே இருக்கும். குழந்தைகளை விலக்கி வையுங்கள். சூடுபட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, மஞ்சள், மாவு ஆகிய எதையும் பூசாதீர்கள்.

உடல் தேறுவோருக்கான நிலக்கடலை பிஸ்கட்

தேவையானவை: கோதுமை மாவு 150 கிராம், வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த நிலக்கடலை 75 கிராம், கொழுப்பு நீக்கிய பால் பொடி 40 கிராம், வெண்ணெய் 100 கிராம், பொடித்த சீனி 80 கிராம், முட்டை 1, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, ஏலக்காய்த் தூள் சிறிது.

செய்முறை: வெண்ணெயையும் சீனியையும் வெளுக்கும் வரை குழைக்கவும். முட்டையைச் சேர்த்து அடிக்கவும். மற்றவற்றைக் கலந்து சலித்துச் சேர்த்து, அழுத்திப் பிசையாமல் ஒன்றுசேர்க்கவும். 24 உருண்டைகளாக உருட்டித் தட்டி, 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் 15 முதல் 18 நிமிடம் வரை சுடவும். சூடாக இருக்கையில் மென்மையாகவே இருக்கும். ஆறிய பின் மொறுமொறுக்கும்.

ஒரு பிஸ்கட்டில் சுமார் 90 கலோரியும் 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் உள்ளன. நான்கு பிஸ்கட்டுகளும் ஒரு குவளைப் பாலும் ஒரு சிறு உணவுக்கு ஈடாகும். கைக்கட்டுடன் இருப்பவர், பிறர் ஊட்டாமல் தாமே எடுத்து உண்ணவும் இது ஏற்றது. பசியிழந்த ஒருவருக்கு அதுவும் ஒரு தேறுதல்.

இந்தப் பிஸ்கட் அனைவருக்கும் உரியதன்று. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள், சர்க்கரை நோயாளிகள் உணவியல் பிரிவைக் கேட்டபின்னரே உண்ண வேண்டும். பக்கவாதத்தாலோ தொண்டைக் காயத்தாலோ விழுங்குவதில் இடர்ப்படுவோருக்கு, உதிரும் பண்டம் எதுவும் மூச்சுக்குழாயில் நுழையக்கூடும். தேநீரில் நனைத்துக் கொடுப்பதும் பாதுகாப்பாகாது.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை ஒரு பொருள் இல்லாமல் கை நிற்கும்போது மூன்றைக் கேளுங்கள். இந்தப் பொருள் பண்டத்தில் என்ன வேலை செய்கிறது? மாற்றுப் பொருள் நம் நோயாளியின் உடலில் என்ன செய்யும்? இந்த டப்பாவில் இருப்பது இன்னதென்று எனக்கு உறுதியாகத் தெரியுமா? மூன்றுக்கும் விடை இருந்தால் தயங்காமல் செய்யுங்கள். இரண்டாவதற்கு விடை இல்லையெனில், வெளியேற்றச் சீட்டையும் மருந்துச் சீட்டையும் எடுத்துக்கொண்டு எங்கள் உணவியல் பிரிவுக்கு வாருங்கள். மூன்றாவதற்கு விடை இல்லையெனில், அந்த டப்பாவை ஒதுக்கிவிடுங்கள்.

பாத்திரத்தோடு வரும்போது, அதில் என்னென்ன சேர்த்தீர்கள் என்று ஒரு சிறு தாளில் எழுதி மூடியில் ஒட்டிக் கொண்டுவாருங்கள். செவிலியர் அதைப் படித்துப் பார்த்து நோயாளிக்குக் கொடுக்க, அரை நிமிடம் போதும்.